பதினெட்டாம் போர் கூத்தை லேப்டாப்லேந்து நேரலையா விடணும், வழி சொல்லுங்க

கெடிலக்கரை எழுதியது

எல்லாருக்கும் வணக்கம். நெல்லிக்குப்பம் பக்கம் எங்க ஊரு. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் படிக்க ஆரம்பிச்சாச்சு. கடைசி ராத்திரி பதினெட்டாம் போர் கூத்து, விடிஞ்சா துரியோதனன் விழற படுகளம், சாயங்காலம் தீமிதி. இன்னும் 16 நாள் இருக்கு.

ஊர்ல பாதி வீட்டுப் பிள்ளைங்க வெளியிலதான் இருக்காங்க. சிங்கப்பூர், துபாய், பாண்டிச்சேரி சம்பந்தத்துல பிரான்சுக்குப் போன மூணு குடும்பம், ரியூனியன் தீவுல ஒரு பெரியம்மா. போன வருஷம் என் போன்லேந்து பேஸ்புக்ல நேரலை போட்டேன். 20 நிமிஷத்துல போன் கொதிச்சு நின்னுடுச்சு. மறுபடி மறுபடி போட்டு ஏழு துண்டா ஆச்சு, அதுவும் 30 நாள்ல அழிஞ்சு போச்சு. 2025 பிப்ரவரியிலேந்து நேரலைக்கு அப்படித்தான் விதி வச்சிருக்காங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பெரியம்மா போன் பண்ணி, "படம் தெரியுதுடா, பாட்டுதான் ஒண்ணுமே புரியல"ன்னு சொன்னாங்க. அதுதான் மனசுல நிக்குது. அந்தம்மாவுக்கு அறுபது வருஷமா அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். அவங்களுக்கே புரியலன்னா நான் அனுப்பினது கூத்தே இல்ல.

இந்த வருஷம் லேப்டாப் வச்சுப் பண்ணலாம்னு இருக்கேன். 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 11. சித்தப்பாவோட ஹேண்டிகேம் ஒண்ணு இருக்கு, எச்டிஎம்ஐ அவுட் உள்ளது. இதுவரைக்கும் இப்படிப் பண்ணதில்ல. முதல்ல எதைத் தொடணும்னு சொல்லுங்க.

---

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது

லேப்டாப் தாராளமா போதும். இன்னிக்கு ராத்திரியே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு: யூட்யூப் சேனலைப் போன் நம்பர் வச்சு வெரிஃபை பண்ணி, நேரலை வசதியை ஆன் பண்ணிடுங்க. முதல் தடவை அது திறக்க 24 மணி நேரம் வரைக்கும் ஆகும். திருவிழா அன்னிக்குச் சாயங்காலம் ஆரம்பிச்சு மாட்டிக்கிட்டவங்களை நிறைய பார்த்துட்டேன். போன்லேந்து விடணும்னா 50 சப்ஸ்கிரைபர் கேப்பாங்க. லேப்டாப்லேந்து விட அது வேண்டாம்.

அப்புறம் நேரலை விடற மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டுடியோ இறக்கிக்குங்க. இலவசம், 2012லேந்து இருக்கு, கடலூர்ல கல்யாண நேரலை பண்ற பசங்க பெரும்பாலும் இதுதான் வச்சிருக்காங்க. ஹேண்டிகேமையும் லேப்டாப்பையும் இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேப்சர் கார்டு வேணும், பென் டிரைவ் மாதிரி இருக்கும். லேப்டாப்ல இருக்கற எச்டிஎம்ஐ ஓட்டை படத்தை வெளியில அனுப்பத்தான், உள்ள வாங்காது. அதுல கேபிளைச் சொருகிட்டு ஏன் படம் வரலன்னு பார்த்துட்டு இருக்காதீங்க.

ஓபிஎஸ்ல நான் வைக்கிறது: 1280க்கு 720, நொடிக்கு 25 ஃபிரேம், பிட்ரேட் (நொடிக்குப் போற டேட்டா) ஒரே அளவா நிக்கற சிபிஆர்ல 2500 கேபிபிஎஸ், ஆடியோ 128, கீஃபிரேம் 2 நொடி. என்கோடர்ல எக்ஸ்264 விட்டுட்டு குவிக் சிங்க் எடுங்க. படத்தைச் சுருக்குற வேலையை சிப்புல அதுக்குன்னே இருக்கற பகுதி பார்த்துக்கும், சிபியு ராத்திரி பூரா மூச்சு வாங்காது. 1080 வேணுமேன்னு தோணும். போன்ல பார்க்கிறவங்களுக்கு 720 தெளிவாத்தான் இருக்கும். லைனுக்கும் பாதி பாரம்தான்.

கேமராவுல மறக்காம சில வேலை. தானா அணையற ஆட்டோ பவர் ஆஃபை எடுத்துடுங்க. திரையில பேட்டரி படம், நேரம் எல்லாம் எச்டிஎம்ஐ வழியா வெளியில போகாம மறைச்சுடுங்க. பேட்டரியில ஓட்டாதீங்க, அடாப்டர் போடுங்க. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால ஷட்டரை 1/50ல பூட்டணும், இல்லன்னா டியூப் லைட்டுல பட்டை பட்டையா ஓடும். எக்ஸ்போஷரும் ஆட்டோ வேண்டாம். சுத்தி இருட்டு, நடுவுல அரிதாரம் போட்ட முகம். ஆட்டோல விட்டா முகம் வெள்ளைத் தாள் மாதிரி ஆயிடும்.

---

வைத்திக்குப்பம் அலை எழுதியது

கேமரா, செட்டிங் எல்லாம் அண்ணன் சொன்னது சரி. ஆனா லைன் இல்லன்னா ஒண்ணும் இல்ல. நான் பட்டதைச் சொல்றேன்.

மாசி மகத்துக்கு எங்க கடற்கரையில தீர்த்தவாரி. மயிலம் முருகன் முதக்கொண்டு சுத்துப்பட்டு சாமியெல்லாம் வரும். எங்க தெரு கோயில் உற்சவரை நேரலையில காட்டுறதா ஒத்துக்கிட்டேன். முந்தின நாள் அதே இடத்துல நின்னு சோதிச்சேன், போன் ஹாட்ஸ்பாட்ல அப்லோடு 18 எம்பிபிஎஸ். திருப்தியா வீட்டுக்குப் போனேன். மறுநாள் சாமிங்க வரிசையா வந்து இறங்கவும் ஆயிரக்கணக்கான பேர் போனைத் தூக்கிட்டாங்க. ஒரே டவர். ஓபிஎஸ் கீழ் மூலையில பச்சையா இருந்த கட்டம் மஞ்சளாச்சு, சிவப்பாச்சு. அப்லோடு 1 எம்பிபிஎஸ் கூட இல்ல. எங்க சாமி தண்ணியில இறங்கின நேரம் பார்க்கிறவங்களுக்கு வட்டம்தான் சுத்திக்கிட்டு இருந்துது. சென்னையிலேந்து என் தங்கச்சி போன் பண்ணி அழுதுச்சு.

அதனால செல்போன் டவரை நம்பாதீங்க. கூத்து களத்துக்குப் பக்கத்துல எந்த வீட்டுல ஃபைபர் லைன் இருக்குன்னு பாருங்க. அங்கேந்து கேட்6 கேபிள் இழுங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். வைஃபை வேண்டாம், ஆள் நடுவுல நின்னாலே குறையும். ஸ்பீடு டெஸ்ட்ல டவுன்லோடை விட்டுட்டு அப்லோடை மட்டும் பாருங்க. அதுவும் ராத்திரி 10 மணிக்கு, 2 மணிக்குன்னு கூத்து நடக்கற நேரத்துலயே மூணு நாள் பாருங்க. 2500 அனுப்பணும்னா 5 எம்பிபிஎஸ் ஆடாம நிக்கணும்.

டேட்டா கணக்கு: 2500ம் 128ம் சேர்ந்தா மணிக்கு ஏறக்குறைய 1.2 ஜிபி. எட்டு மணி நேரத்துக்கு 9.5 ஜிபி. தினம் 2 ஜிபி தர்ற சிம் பேக் ரெண்டு மணி நேரம் கூட வராது.

---

குழாய் ஸ்பீக்கர் எழுதியது

நான் பாகூர்ல மைக் செட் வச்சிருக்கேன். கூத்து, தெம்மாங்கு, கல்யாணம், சாவு எல்லாத்துக்கும் போவேன். தம்பி பெரியம்மா சொன்னதை எழுதினதால சொல்றேன். ஹேண்டிகேம் மைக்கை நம்பினீங்கன்னா இந்த வருஷமும் அதே கதைதான். கூட்டம், ஜெனரேட்டர், குழாயோட எதிரொலி எல்லாத்தையும் அது ஒண்ணா வாங்கும்.

மைக் செட்காரர்கிட்ட முன்கூட்டியே பேசி, ஆம்ப்ளிஃபையர் இல்லன்னா மிக்சர் பின்னாடி லைன் அவுட், ரெக் அவுட்னு எழுதியிருக்கற ஓட்டையிலேந்து எடுங்க. ஸ்பீக்கருக்குப் போற முனையிலேந்து எடுக்கவே கூடாது. குழாய் ஸ்பீக்கர் லைன் 100 வோல்ட் லைன். லேப்டாப்புல கொடுத்தா போர்டு போயிடும், கை வச்சா ஷாக் அடிக்கும்.

லேப்டாப்போட ஹெட்போன் ஓட்டையிலயும் விடாதீங்க. அது ஹெட்செட் மைக்குக்குன்னு செஞ்சது, மிக்சர்லேந்து வர்ற பலமான சிக்னலை வாங்கினா கரகரக்கும். சிவப்பு, வெள்ளைன்னு ரெண்டு ஆர்சிஏ ஓட்டை உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸ் ஒண்ணு வாங்குங்க. விலை குறைஞ்ச யூஎஸ்பி சவுண்டு கார்டுல மைக் ஓட்டை மட்டும்தான் இருக்கும், பார்த்து வாங்கணும்.

இன்னொண்ணு, லேப்டாப் எங்க உக்காரணும்? கேமரா பக்கத்துலயே. எச்டிஎம்ஐ கேபிள் நீளமானா படம் விட்டு விட்டு வரும். ஆடியோ கேபிள் நீளமானா அந்த அளவுக்குக் கெடாது. சத்தத்தைத்தான் தூரத்துலேந்து கொண்டு வரணும், படத்தை இல்ல.

---

கெடிலக்கரை எழுதியது

எல்லாருக்கும் நன்றி. சேனல் திறந்தாச்சு. கேப்சர் கார்டு, ஆர்சிஏ இன்டர்பேஸ் ரெண்டும் வந்துடுச்சு. கோயிலுக்கு எதிர்ல மளிகைக் கடை மாமா வீட்டுல ஃபைபர் இருக்கு. அளந்து பார்த்தேன், 70 மீட்டர். அப்லோடு மூணு ராத்திரியும் 20க்குக் குறையல.

நேத்து பாரதத்துல வில் வளைப்பு கூத்து. யாருக்கும் லிங்க் குடுக்காம பிரைவேட்ல விட்டுப் பார்த்தேன். ரெண்டு சிக்கல்.

ஒண்ணு, லேப்டாப் சார்ஜர் போட்டா 'ம்ம்ம்'னு ஒரு உறுமல். சார்ஜரைப் புடுங்கினா சுத்தமா நிக்குது.

ரெண்டாவது எனக்குப் புரியவே இல்ல. கதையை நடத்திக்கிட்டுப் போற கட்டியங்காரன் பேசுறது கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா பின்பாட்டு ஆரம்பிச்சதும் முகவீணை (வாயால ஊதற சின்னக் குழல்) காணாம போகுது. தாளம் பாதி கேக்குது, பாதி முழுங்கிடுது. களத்துல எல்லாம் நல்லாத்தான் கேக்குது. கேபிள் மாத்தி மாத்திப் பார்த்துட்டேன்.

---

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது

ஓபிஎஸ் ஆடியோ ஃபில்டர்ல இரைச்சலைக் குறைக்கற நாய்ஸ் சப்ரஷன் போட்டிருக்கீங்களா?

---

கெடிலக்கரை எழுதியது

ஆமாம் அண்ணே. ஒரு வீடியோவுல கண்டிப்பா போடணும்னு சொன்னாங்க.

---

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது

உடனே எடுத்துடுங்க. அதுல இருக்கற ஆர்என்நாய்ஸ் பேச்சுக்குன்னு பழக்கப்படுத்தினது. மனுஷன் பேசுறதைத் தவிர மத்ததெல்லாம் அதுக்கு இரைச்சல். முகவீணையும் தாளமும் அதுக்கு ஃபேன் சத்தம் மாதிரிதான். வீட்டுல உக்காந்து பேசுறவங்களுக்கு நல்ல கருவி, இசைக்குக் கூடாது. அதுக்குப் பதிலா சத்தம் ஒரு அளவைத் தாண்டாம தடுக்கற லிமிட்டர் மட்டும் போட்டு மைனஸ் 6 டிபியில வைங்க. மீட்டர்ல பேச்சு மஞ்சள்ல ஆடட்டும். பின்பாட்டும் முகவீணையும் உச்சத்துக்குப் போகும்போது சிவப்பைத் தொடலாம், ஆனா கடைசிக் கோட்டுல இடிக்கக் கூடாது.

---

குழாய் ஸ்பீக்கர் எழுதியது

உறுமலுக்கு: ஆம்ப்ளிஃபையர் ஒரு பிளக்குல, லேப்டாப் வேற எங்கேயோ ஒரு பிளக்குல இருக்கும். ரெண்டு எர்த்துக்கும் நடுவுல ஆடியோ கேபிள் வழியா கரண்டு சுத்துது. ரெண்டையும் ஒரே பாக்ஸ்லேந்து எடுத்துப் பாருங்க. அப்பவும் நிக்கலன்னா கிரவுண்டு லூப் ஐசொலேட்டர்னு சின்ன டப்பா கிடைக்கும், ஆர்சிஏ கேபிள் நடுவுல போட்டா போதும். எர்த் பின்னை உடைச்சு எடுன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஈரத் தரையில நிக்கற ஆளுங்க நாம.

அப்புறம் மிக்சர் சத்தம் மட்டும் விட்டா கிணத்துக்குள்ளேந்து பேசுற மாதிரி வறண்டு இருக்கும். ஹேண்டிகேம் மைக்கையும் ரொம்பக் கம்மியா கலந்து விடுங்க. சலங்கையும் ஜனங்க சிரிக்கிறதும் அதுலதான் வரும்.

---

அரிதாரம் எழுதியது

நான் புவனகிரி பக்கம். எங்க அப்பா 35 வருஷம் வேஷம் கட்டினவர். இவ்வளவு அக்கறையா பேசிக்கிறதைப் பார்த்து சந்தோஷம்தான். ஆனா இவ்வளவு நேரமும் ஒருத்தர் கூட ஜமா (கூத்துக் குழு) வாத்தியாரைக் கேட்டாச்சான்னு கேக்கல.

எங்க வீட்டுல நடந்தது. ஒரு ஊர்ல ஆடினதை யாரோ முழுசா யூட்யூப்ல போட்டாங்க. அடுத்த வருஷம் பக்கத்து ஊர்ல பேசப் போனா, "அதான் போன்ல பார்த்துட்டோமே, ஒரு ராத்திரிக்கு இவ்வளவு கேக்கறீங்களே"ன்னு கூலியைக் குறைச்சாங்க. வருஷத்துல தையிலேந்து ஆடி வரைக்கும்தான் எங்களுக்குச் சீசன். அந்தச் சீசன் வரும்படியில பன்னண்டு மாசம் சாப்பிடணும். வீடியோ போட்டவருக்கு எங்க மேல கெட்ட எண்ணம் எதுவும் இல்ல. கேக்கணும்னு தோணல, அவ்வளவுதான்.

அதோட ஒப்பனைக் கொட்டகைக்குள்ள கேமராவைக் கொண்டு போகாதீங்க தம்பி. பாதி வேஷத்துல இருக்கற ஆளைக் காட்டக் கூடாது.

---

கருவடிக்குப்பம் டு பாரிஸ் எழுதியது

அக்கா சொல்றது நியாயம். ஆனா எங்க பக்கமும் கேளுங்க. வைகாசியில பாரிசுக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அங்க ராத்திரி 10க்கு ஆரம்பிச்சா இங்க சாயங்காலம் ஆறரை, சௌகரியம். படுகளம் காலை 7க்குன்னா இங்க விடியற்காலம் மூன்றரை. வேலைக்குப் போறவன் முழிச்சிருக்க முடியாது. பதிவு இல்லாம நேரலை மட்டும்னா எங்களுக்குப் பாதி கூத்து போயிடும். என் பசங்க ரெண்டு பேரும் இங்க பிறந்தவங்க, கூத்தை நேர்ல பார்த்ததே இல்ல. ஒரு வாரமாவது விட்டு வைங்க.

---

அரிதாரம் எழுதியது

ஒரு வாரம் வைக்கிறதுல எனக்கு மாறுபாடு இல்ல. ஊர்க்காரங்களுக்கு மட்டும் லிங்க் போகட்டும். யார்னாலும் தேடி எடுக்கற மாதிரி காலத்துக்கும் கிடக்கறதுதான் எங்களை அடிக்குது. ஆனா முடிவு வாத்தியாரோடது. நானும் நீங்களும் இங்க பேசி முடிக்கிறது இல்ல.

---

கெடிலக்கரை எழுதியது

அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சதும் வெக்கமா போச்சு. மறுநாளே வாத்தியாரைப் போய் பார்த்தேன். பண்ருட்டி பக்கம், பலா மரத்தடியில உக்கார வச்சு மோர் குடுத்தாரு. நான் கேக்க வந்தேன்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "இதுவரைக்கும் யாரும் வீட்டுக்கு வந்து கேட்டதில்ல"ன்னாரு.

பேசி முடிவு பண்ணது: லிங்க் இருக்கறவங்க மட்டும் பார்க்கற அன்லிஸ்டட்ல விடுறது, லிங்க் ஊர் வாட்சப் குழுவுல மட்டும். பத்து நாள் கழிச்சு பிரைவேட் ஆக்கிடறது. களத்துல யாராவது பணம் குடுத்தா கட்டியங்காரன் பேர் சொல்லி அன்பளிப்பு அறிவிப்பாரு இல்லையா? அதே மாதிரி திரை ஓரத்துல ஜமாவோட க்யூஆர் படத்தை வைக்கிறது. இங்க வங்கிக் கணக்கு வச்சிருக்கற வெளிநாட்டுப் பிள்ளைங்க அனுப்பினா அதையும் பேரோட அறிவிப்பாங்க.

இப்ப என் கவலை கரண்டு. ராத்திரி ஒரு தடவையாவது போகும்.

---

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது

லேப்டாப்புக்கு அதோட பேட்டரியே போதும். மாமா வீட்டு மோடத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒண்ணு வைங்க. ஃபெஞ்சல் புயலப்போ நான் வாங்கினது சும்மாத்தான் கிடக்கு, வந்து எடுத்துட்டுப் போங்க. மோடம் அணைஞ்சு எழுந்தா ரெண்டு மூணு நிமிஷம் போயிடும். கேமரா அடாப்டரை ஒரு இன்வெர்ட்டர் வழியா குடுங்க.

யூட்யூப் ஸ்டுடியோவுல ஆட்டோ ஸ்டாப்னு ஒரு பொத்தான் இருக்கு, அதை ஆஃப் பண்ணிடணும். ஆன்ல இருந்தா லைன் அறுந்த கொஞ்ச நேரத்துல நேரலையை முடிச்சுடும், லிங்க்கும் செத்துடும். ஆஃப்ல இருந்தா ஓபிஎஸ் தானா திரும்பச் சேர்ந்து அதே லிங்க்ல தொடரும். ஓபிஎஸ் அட்வான்ஸ்டுல நெரிசல் வந்தா பிட்ரேட்டைத் தானா குறைக்கற வசதியையும் டிக் பண்ணுங்க.

லேப்டாப்லயும் பதிவு ஓடட்டும், எம்கேவி வடிவத்துல. சாதா எம்பி4ல வச்சு நடுவுல கரண்டோ விண்டோஸோ போச்சுன்னா மொத்த ஃபைலும் திறக்காது. ஸ்லீப், அப்டேட் ரெண்டையும் நிறுத்தி வைங்க. ஸ்ட்ரீம் கீயை யாருக்கும் காட்டாதீங்க, அது கிடைச்சா யாரும் உங்க சேனல்ல எதையும் விடலாம்.

சினிமா பாட்டு விஷயமும் முக்கியம். கூத்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மைக் செட்ல பாட்டு போடுவாங்க. அந்த நேரத்துல ஓபிஎஸ்ல மிக்சர் சத்தத்தையும் ஹேண்டிகேம் மைக்கையும் ம்யூட் பண்ணிடுங்க. யூட்யூபோட கன்டென்ட் ஐடி பாட்டைக் கண்டுபிடிச்சா நேரலை நடுவுலயே படத்தை நிறுத்திடலாம்.

---

கெடிலக்கரை எழுதியது

முடிஞ்சுது. ரெண்டு நாள் தூங்கிட்டு இப்பதான் எழுதறேன்.

ராத்திரி 10:20க்கு ஆரம்பிச்சு காலை 6:15 வரைக்கும் ஒரே லிங்க். கூத்து தொடங்கறதுக்கு முன்னாடி தாளத்தைத் தட்டச் சொல்லிப் பதிவு பண்ணிப் பார்த்தேன். சத்தம் படத்துக்கு நாலு ஃபிரேம் முன்னாடி வந்துது. 25 ஃபிரேம்னா ஒண்ணுக்கு 40 மில்லி செகண்டு, ஆக ஆடியோ சிங்க் ஆஃப்செட்ல 160 போட்டேன். தாளம் தட்டற படமும் சத்தமும் ஒட்டிக்கிச்சு. உறுமல் ஒரே பாக்ஸ்ல மாட்டினதுலயே நின்னுடுச்சு.

1:40க்குக் கரண்டு போச்சு. களம் இருட்டு, மைக் செட் ஊமை. ஆனா லேப்டாப்பும் மோடமும் ஓடுது, ஹேண்டிகேம் மைக் திறந்திருக்கு. வேஷக்காரர் நிறுத்தவே இல்ல. இருட்டுல ஆர்மோனியமும் அவர் குரலும் சலங்கையும் மட்டும் மூணு நிமிஷம் போச்சு. ஜெனரேட்டர் போட்டு வெளிச்சம் வந்தப்போ களத்துல இருந்தவங்க எல்லாரும் எழுந்து நின்னுட்டு இருந்தாங்க. துபாய்லேந்து மச்சான் அந்த மூணு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டதா சொன்னான்.

பூச்சித் தொல்லை நான் எதிர்பார்க்காதது. லேப்டாப் திரை வெளிச்சத்துக்கு ஈசல் வந்து கீபோர்டு முழுக்க விழுந்துச்சு. திரையைக் குறைச்சு மேல ஒரு வேட்டியைப் போட்டு உள்ள தலையை விட்டுப் பார்த்துட்டு இருந்தேன்.

படுகளம் ஏரிக்கரை மைதானத்துல, கேபிள் எட்டாது. அங்க மட்டும் போனை யூஎஸ்பியில மாட்டி, 1200க்கு இறக்கி விட்டேன். கூட்டம் சேரச் சேர படம் கட்டம் கட்டமா உடைஞ்சுது. மண்ணால செஞ்ச துரியோதனன் படுத்திருக்கறது அடையாளம் தெரியும், அவ்வளவுதான். அம்மன் கூந்தல் முடியறது கிட்டத்துல தெரியல, அது எனக்கு வருத்தம். ஆனா சத்தம் கடைசி வரைக்கும் உடையல.

பெரியம்மா பேசினாங்க. வாத்தியார் ரெண்டாவது பாட்டுல ஒரு அடியை விட்டுட்டாராம், அதைச் சொல்லணும்னு கூப்பிட்டாங்க. வாத்தியார்கிட்ட சொன்னேன். "ஆமாம், விட்டேன்"ன்னாரு.

இப்ப அவர் பதிவு கேக்கறாரு, புதுசா வேஷம் பழகற பசங்களுக்குப் போட்டுக் காட்டணுமாம். 32 ஜிபி பென் டிரைவ் வாங்கிட்டேன். ஃபைல் 9 ஜிபிக்கு மேல. காப்பி பண்ணா ரொம்பப் பெரிசுன்னு மறுக்குது. இடம் நிறைய இருக்கே?

---

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது

பென் டிரைவ் ஃபேட்32ல இருக்கு, அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போகாது. எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணா ஏறும், ஆனா பழைய டிவி சிலது அதைப் படிக்காது. வாத்தியார் எதுல போட்டுப் பார்ப்பாரு?

---

கெடிலக்கரை எழுதியது

வீட்டு டிவியிலதான். பத்து வருஷப் பழசு.

---

மஞ்சக்குப்பம் மாடி எழுதியது

அப்ப ஃபேட்32லயே விடுங்க. ஓபிஎஸ் ஃபைல் மெனுவுல ஃபைல் வடிவத்தை மட்டும் மாத்தற ரீமக்ஸ் இருக்கு, எம்பி4 ஆக்கிடுங்க, தரம் குறையாது. அப்புறம் லாஸ்லெஸ்கட்னு இலவச மென்பொருள்ல மூணு துண்டா வெட்டுங்க, ஒவ்வொண்ணும் 4 ஜிபிக்குள்ள இருக்கணும். நடு வசனத்துல வெட்டிடாதீங்க.

---

அரிதாரம் எழுதியது

திரை பிடிக்கற இடமா பார்த்து வெட்டுங்க தம்பி. ஒரு வேஷம் உள்ள போய் அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால வந்து நிக்கும் இல்லையா, அங்க.

---

கெடிலக்கரை எழுதியது

அப்படியே வெட்டிட்டேன் அக்கா. மூணுக்கும் எந்த வேஷம் எதுல வருதுன்னு பேர் எழுதி வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில முதல் பஸ்ல பண்ருட்டி போறேன். மினி யுபிஎஸ்ஸை ஞாயித்துக்கிழமை மஞ்சக்குப்பத்துல கொண்டாந்து குடுத்துடறேன் அண்ணே.